நின்ற அலை, படுத்த அலை

ஜூலை 1, திங்கள்

நகைக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது, எனக்கு வேலை போனதால். சனிக்கிழமை துவைகல் பக்கத்தில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாது. "நடக்காம இருந்தா போதுமா டாக்டர், பேசாமயும் இருக்கணுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் மகன் ஆவுடையப்பன்தான் சிரித்தான்.

போதாததற்கு டிவியும் இல்லை. பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டியவர்கள் கேபிள் ஒயரை அறுத்துவிட்டார்கள். கேபிள்காரர் ஏற்கெனவே சலித்துப்போயிருந்தவர். இதுதான் சாக்கு என்று தொழிலையே விட்டுவிட்டாராம். சாயங்காலமானால் எங்கள் தெரு முழுக்க வாசலில் வந்து நிற்கிறது. பாளையங்கோட்டையில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 4, வியாழன்

ஜன்னல் அலுத்துவிட்டது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஊர் ஊராகக் குரல் வந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும். அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இலவச டிஷ் வாங்கலாம் என்றான் ஆவுடை. சந்தா கிடையாது, எல்லா மொழிச் சேனலும் வருமாம். சிக்கல் என்னவென்றால் இந்த வீட்டில் மூன்று டிவி. கீழே நான். மாடியில் ஆவுடையும் மருமகள் குழல்வாய்மொழியும். பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் மைமூன். தையல்காரி, கணவர் துபாயில். மூன்று டிஷ் என்றால் மொட்டை மாடியில் மூன்று இடத்தில் துளை போட வேண்டும். போன வருஷம்தான் ஒழுகலுக்குப் பயந்து புது ஓடு பதித்தோம். ஆவுடை கல்லூரி நூலகத்தில் இருப்பவன். தண்ணீர் ஒழுகுவது என்றாலே அவனுக்கு நடுக்கம். "ஒரே டிஷ்தான். அதையும் சிமெண்டுக் கட்டையிலதான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டான்.

ஒரு டிஷ், மூன்று பெட்டி. எப்படி என்று யோசிக்க ஆரம்பித்ததும் கால் வலி தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது குழலி (அவ்வளவு நீளப் பெயரைக் குற்றாலத்துக்காரர்கள்தான் வைப்பார்கள், நாங்கள் குழலி என்று சுருக்கிவிட்டோம்) கேட்டாள்: "நான் லீவு போட்டுட்டு உங்ககூட இருக்கட்டுமா அத்தை?"

ஜங்ஷன் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நான் விடுவேனா? "மஞ்சக்காமாலை வந்தப்பவே நான் ரெண்டு நாளுக்கு மேல லீவு போட்டதில்ல. பொம்பளைக்கு வேலைங்கது சும்மா இல்ல. என்ன ஆனாலும் விட்ராத, ஆமா" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் இதைச் சொல்லி வருகிறேன். தலையை ஆட்டினாள். ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவில்லை.

ஜூலை 6, சனி

டிஷ் வந்தாயிற்று. மாட்டியவர் பெயர் அந்தோணி, சமாதானபுரத்துக்காரர். டிஷ்ஷின் நடுவில் நீட்டிக்கொண்டிருப்பதை எல்.என்.பி. என்றார். நான் மூக்கு என்று எழுதுகிறேன், பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

"மூணு வீட்டுக்கு எடுக்கணும்னா மல்ட்டி ஸ்விட்ச் போடணும்மா. இங்கன கடையில கெடைக்காது. சொல்லித்தான் வரவழைக்கணும்" என்றார்.

"எதுக்கு? வார ஒயரை மூணாப் பிரிச்சுட்டா போச்சு."

"பிரிக்கலாம்மா. அதுக்கு ஸ்ப்ளிட்டர் இருக்கு. ஆனா..."

அந்த ஆனாவை நான் முடிக்க விடவில்லை. ஒரே டெலிபோன் லைனில் ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, கடையில் ஒன்று என்று எத்தனை வீடுகளுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மணி எல்லாவற்றிலும் அடிக்கும், யார் எடுத்தாலும் கேட்கும். இதுவும் ஒயர்தானே. "நானும் அந்தத் துறைதான்" என்றேன். அந்தோணி என் மாவுக்கட்டைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிம்மா" என்று ஸ்ப்ளிட்டரை மாட்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தோணியும் ஆவுடையும் மொட்டை மாடியில், குழலி மாடிப்படியில், நான் டிவி முன்னால், கையில் போன். அவர்கள் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப, திரையில் சிக்னல் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். "நாப்பது. அம்பது. ஏறுது, ஏறுது. போச்சு. வந்த வழியே திருப்பும்." பழைய குரல் எனக்கே திரும்பி வந்துவிட்டது. குழலி படியிலிருந்து சிரித்தாள்: "அத்தை, ட்ரங்க் கால் போட்ட மாதிரி இருக்கு." அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஒருமுறை நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டது. ஆவுடை திரும்பிப் பார்த்தால் மைமூன் ஈரப் போர்வையைக் கொண்டுவந்து டிஷ்ஷுக்கு நேராகக் கொடியில் போட்டிருக்கிறாள். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் வந்தது ஒரு போர்வையில் நின்றுபோயிற்று. இதை நினைத்துக்கொண்டே சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

பகலில் வீடு எனக்கும் டிவிக்கும். ஆவுடை காலையில் குழலியை வண்டியில் கூட்டிப்போய் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறான்.

சேனல் சேனலாகப் போய்ப் பார்த்தேன். பாதி எனக்குத் தெரியாத மொழி. ஒன்றில் ஒரு மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் ஆற்றில் மீன் பிடித்து, கரையிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார். ஒடியாவாக இருக்கலாம், கட்டாக் லைனில் கேட்ட ராகம். மீன் வாசனையே அண்டாத சைவ வீடு எங்களுடையது. ஆனாலும் அவர் செதிலைச் சுரண்டுகிற அழகை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மீனிடம் ஏதோ பேசிக்கொண்டே சுரண்டுகிறார்.

ராத்திரி ஆவுடையிடம் சொன்னேன். "இந்த வயசுல மீன்காரன் சகவாசமா அம்மா?" என்றான்.

குழலி டிபன் டப்பாவைக் கழுவியே கொண்டுவந்திருந்தாள். ஆபீசில் சோப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள் போல.

ஜூலை 9, செவ்வாய்

மீன்காரர் எண்ணெய் ஊற்றினார். கடுகு போட்டார். மீனைக் கையில் எடுத்தார். திரை கறுப்பு. 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. மைமூனின் போர்வைதான் என்று நினைத்துக் கத்தினேன். அவள் இன்று துவைக்கவே இல்லையாம். வேறு சேனல்களைத் தட்டினேன். சில வருகின்றன, சில வரவில்லை. மேகம் மறைத்தால் எல்லாமே அல்லவா போக வேண்டும்?

ஜூலை 10, புதன்

இன்றும் போனது. பின்பக்க இரும்புக் கதவு கிரீச்சிடுகிறது, பூனை ஏறிக் குதிக்கிறது போல. எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

மைமூனைக் கூப்பிட்டு விசாரித்தேன். வாயில் ஊசியோடு வந்தாள்.

"பகல்ல நீ டிவி பாக்கியாளா?"

"எங்கக்கா? நோன்புப் பெருநாளுக்குத் தச்ச துணிக்கே இன்னும் கொக்கி வைக்கல. மிசினுக்கும் எனக்கும்தான் பேச்சு."

"அப்ப பெட்டிய அணைக்காம வச்சிருக்கியா?"

"பிளக்கையே பிடுங்கிருவேன். கரண்டு பில்லு யாரு கட்ட?"

"பின்பக்கக் கதவு கிரீச்சுங்குதே, யாரும் வாராங்களா?"

மைமூன் ஊசியை வாயிலிருந்து எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள். "மிசின் சத்தத்துல எனக்கு என்னக்கா கேக்கும்?" என்றாள். யாரும் வருகிறார்களா என்றுதான் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. போகும்போது, சம்பந்தமே இல்லாமல், "குழலி நல்ல பிள்ளைக்கா" என்றாள். நல்ல பிள்ளை இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

ஜூலை 12, வெள்ளி

அந்தோணிக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க விடல" என்றார்.

"இப்ப சொல்லும். விடுதேன்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். மேலேயிருந்து அலை இரண்டு விதமாக வருகிறது, நின்றவாக்கில் ஒன்று, படுத்தவாக்கில் ஒன்று. சில சேனல் இதில், சில சேனல் அதில். மூக்கு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கும். எதை எடுக்க வேண்டும் என்று நம் பெட்டிதான் ஒயர் வழியே மின்சாரம் அனுப்பிச் சொல்கிறது. குறைவாக அனுப்பினால் நின்ற அலை. கூடுதலாக அனுப்பினால் படுத்த அலை. ஒரே ஒயரில் இரண்டு பெட்டி, ஒன்று இதைக் கேட்கிறது, மற்றது அதைக் கேட்கிறது என்றால்? கூடுதல் அனுப்பியவன் ஜெயித்தான். மற்றவனுக்குக் கறுப்பு.

என் மீன்காரர் நின்ற அலையில் வருகிறார். அதனால் அவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

ஆக, டெலிபோன் கணக்கு இங்கே செல்லவில்லை. டெலிபோன் ஒயருக்கு யார் எடுத்தாலும் ஒன்றுதான். இந்த ஒயருக்கு யார் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியும். தப்பு என்னுடையதுதான், ஆனால் இப்படி ஒரு விஷயம் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். மல்ட்டி ஸ்விட்ச் இருந்தால் இரண்டு அலையையும் தனித்தனியாக எடுத்து, யார் கேட்டாலும் கேட்டதைக் கொடுக்குமாம். வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆவுடையும் குழலியும் குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள், அவள் அம்மா வீட்டுக்கு. சாரல் நன்றாக இருக்கிறதாம். அவர்கள் இல்லாத வசதியில் மைமூனை வைத்துப் பரீட்சை செய்தேன். அவள் பின்கட்டில், நான் இங்கே, நடுவில் போன்.

"பாட்டுச் சேனல் வை." வைத்தாள். எனக்குப் போனது.

"வேளாண்மைச் சேனல் வை." எனக்கு வந்தது.

"சீரியல் வை." போனது.

இப்படி அரை நாள். பரமானந்தம். யாராவது மேலே பாட்டோ சீரியலோ பார்த்தால் இங்கே கறுப்பு. என்னைப் போல நின்ற அலைச் சேனல் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கடைசியில் மைமூன் கேட்டாள்: "இதக் கண்டுபிடிச்சு என்னக்கா செய்யப் போறிய?"

"சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்."

"தெரிஞ்சா சும்மா இருக்க முடியாதேக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

மைமூன் காலையிலேயே கல்யாண ரவிக்கை அளவெடுக்க மேலப்பாளையம் போய்விட்டாள். பின்கட்டு பூட்டியிருந்தது. ஆவுடை நூலகத்தில். குழலி ஆபீசில்.

மீன்காரர் போய்விட்டார்.

குழலி பெட்டியை அணைக்காமல் போயிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் போனது போனதாகவே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. ஆளில்லாத பெட்டி தானாகச் சேனல் மாற்றாது.

ஜூலை 16, செவ்வாய்

மேலே யாருமில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தார்கள். லைனைச் சேர்க்க வேண்டும், பேச ஆரம்பித்ததும் காதை எடுத்துவிட வேண்டும். கேட்காமலா இருந்தோம்? இந்த ஊரில் யார் யாருக்குக் கடிதம் போடாமல் போன் போட்டார்கள், யார் அழுதார்கள், எந்த வீட்டுக் கல்யாணம் எதற்காக நின்றது, எல்லாம் தெரியும். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. கணவரிடம்கூட. அவர் கடைசிவரை என்னை ஒன்றும் தெரியாதவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

டிபன் டப்பா இன்றும் கழுவியே வந்தது.

ஜூலை 18, வியாழன்

இன்றும் போனது. சரி.

ஜூலை 19, வெள்ளி

இஸ்திரிக்காரி வந்து வாசலில் நின்றபடி, "மருமக ரெண்டு சேலை குடுத்தாவம்மா, நல்ல சேலை. ஆபீசுக்குக் கட்டுததாம், இனிம வேண்டாம்னுட்டாவ" என்று காட்டினாள். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. அவளுக்கு முதல் சம்பளம் வந்தபோது நான்தான் கூடப் போய் எடுத்தேன்.

சாயங்காலம் கால் விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். "கட்டுப் பிரிக்க ஒருவேள நான் இல்லாட்டியும் மைமூனக்கா உங்கள கூட்டிட்டுப் போவாக" என்றாள்.

"நீ எங்க போவப் போற?"

"எங்கயுமில்ல அத்தை. ஆபீசுல லீவு கெடைக்குமோ என்னமோ."

"ஆபீசுல எல்லாரும் சொகமா?"

"சொகம் அத்தை."

பகலில் மாடியில் இருப்பது நீதானா என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் மாடிக்குக்கூட வரமாட்டாள். எங்கே போய் உட்காருவாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

"குழலி ஒரு மாதிரியா இருக்கா அம்மா. உங்ககிட்ட எதுவும் சொன்னாளா?" என்று கேட்டான் ஆவுடை.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன். பொய் இல்லை.

ஜூலை 22, திங்கள்

காலையில் போனது. போனதும் எனக்கு ஒரு நிம்மதி. இப்போதெல்லாம் மீன்காரருக்காக உட்காரவில்லை நான். அவர் எப்போது காணாமல் போவார் என்று உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறேன்.

ராத்திரி எல்லாம் கெட்டது. ஆவுடை தோசையைப் பிய்த்தபடி, "அந்தோணியப் பாத்தேன். மல்ட்டி ஸ்விட்ச் ரெண்டு மூணு நாள்ல வந்துருமாம்" என்றான்.

"இப்ப அதுக்கு என்ன அவசரம்? வேண்டாம்னு சொல்லிரு" என்றேன்.

"என்னம்மா நீங்க? நீங்கதான வரவழைக்கச் சொன்னிய?" பிறகு குழலி பக்கம் திரும்பி விளக்க ஆரம்பித்துவிட்டான். நூலகத்தில் இருப்பவனுக்கு ஒன்றைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "இப்ப என்ன ஆவுதுன்னா, மாடியில நம்ம டிவியில பாட்டு கீட்டு வச்சா கீழ அம்மாவுக்குப் படம் போயிரும். அவுக மீன்காரன் போயிருதான். தெனம் பகல்ல போவுதாம்."

குழலியின் கை தோசைக்கல் மேலேயே நின்றது. தோசை கருகுகிற வாசனை வந்தது.

"அது மைமூன் பெட்டி" என்றேன் நான், தேவைக்கு மேல் சத்தமாக. "அவ அணைக்காமப் போட்டுருதா."

குழலி என்னைப் பார்த்தாள். நான் சட்னியைப் பார்த்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் வழக்கம்போல வண்டியில் இருவரும் போனார்கள். கேட் அருகில் குழலி திரும்பி, "வாரேன் அத்தை" என்றாள். தினமும் சொல்வதுதான்.

மீன்காரர் வந்தார். ஆற்றில் இறங்கினார், பிடித்தார், சுரண்டினார். எண்ணெய் ஊற்றினார். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மீனைப் போட்டார். அது பொரிந்து சிவந்ததை இன்றுதான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். படம் அசையவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

ரிமோட்டைக் கீழே போட்டேன். நேற்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்கு வந்தால் கீழே தெரியும் என்று. அதனால் வரவில்லை. வரவில்லை என்றால் எங்கே? மயில் கழுத்துச் சேலையும், "நான் இல்லாட்டியும்" என்று அவள் சொன்னதும், ஒன்றன் பின் ஒன்றாக வந்து மேலே விழுந்தன. அவள் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள். ஆவுடைக்கு அடிக்க எண்ணைத் தட்டிவிட்டு நிறுத்தினேன். என்னவென்று சொல்வேன்? டிவி நன்றாகத் தெரிகிறது, உடனே வா என்றா?

"மைமூன்" என்று கத்தினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வாக்கரைப் பிடித்து நொண்டி, பின்பக்கத்து மாடிப்படிக்குப் போனேன். படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினேன். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. பாதியில் மூச்சு வாங்கியது. அறுபது வயதுக்கு மேல் யாரும் இப்படி மாடி ஏறியிருக்க மாட்டார்கள். கீழே டிவி ஓடிக்கொண்டே இருந்தது, அணைக்க மறந்திருந்தேன். மீன்காரர் யாரிடமோ உப்புப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அப்படித்தான் தோன்றியது.

மேலே ஏற ஏற அவர் குரல் குறைய வேண்டும். கூடிற்று.

கடைசிப் படியில் உட்கார்ந்தபடியே கதவில் காதை வைத்தேன். முப்பத்து நாலு வருஷம் இந்தக் காதை எடுத்தே பழகியவள், இன்று வைத்தேன். உள்ளே அதே குரல். அதே ராகம். மெல்லியதாக, கீழே கேட்காதபடி.

கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை.

குழலி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் சேலை. கழுத்தில் கம்பெனி அட்டை. மடியில் திறந்த டிபன் டப்பா. டிவியில் என் மீன்காரர் இலையைப் போட்டுக்கொண்டிருந்தார். மீன் வாசனையே அறியாத பெண், மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அத்தை ஏறுனிய?" என்று ஓடி வந்தாள். "கால் என்னத்துக்கு ஆகும்?"

"லைன்ல ஆள் இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன். அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டேன், அதுதான் கைக்கு எட்டியது. அழுதேன் என்றுதான் எழுத வேண்டும்.

"இன்னைக்குப் போகலயே அத்தை?" என்றாள். "போயிரக்கூடாதுன்னுதான் உங்க சேனலையே வச்சேன். ஒரே சேனலா இருந்தா ஒண்ணும் ஆகாதுல்லா?"

"போகல. போகலன்னுதான் வந்தேன்."

விளங்கியதும் படியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி வைகாசியிலேயே இந்தக் கிளையை மூடிவிட்டதாம். எட்டுப் பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், கூப்பிட்டவர்கள் இல்லை. முதலில் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் பிராகாரத்திலும் பகலைக் கழித்திருக்கிறாள்.

"நீங்க விழுந்த பொறவுதான் வீட்டுக்கு வர ஆரம்பிச்சேன். பகல்ல தனியா இருக்கியளே, கூப்பிட்டா ஓடி வரணும்லா. மைமூனக்காட்ட மட்டும் சொன்னேன்."

"டிவி எதுக்குளா போட்ட?"

"சும்மா உக்காந்தா அழுகையா வருது அத்தை."

"ஆவுடைகிட்டயாவது சொல்லக்கூடாதா? அவன் என்ன கடிச்சா திங்கப் போறான்?"

அவள் அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அவுககிட்ட சொல்லிருவேன். அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. உங்ககிட்டதான் எப்படிச் சொல்லன்னு தெரியல. விட்ராத, விட்ராதன்னு சொல்லிட்டே இருந்தியளே. நானா விடல அத்தை."

எத்தனையோ பேருடைய செய்தியைக் கேட்டிருக்கிறேன். இது எனக்கே வந்த செய்தி. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். உள்ளே மீன்காரர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். கீழேயும் கழுவினார்.

பிறகு மைமூனைக் கூப்பிட்டோம். இருவருமாக என்னைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். மைமூன் வழியெல்லாம் என்னைத் திட்டினாள். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 24, புதன்

நேற்றுச் சாயங்காலம் ஆவுடை வந்ததும் அவளே கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். மேலே பேச்சுக் குரல் கேட்டது. நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து ஆவுடை இறங்கி வந்து என் காலை எடுத்துத் தலையணை மேல் சரியாக வைத்துவிட்டுப் போனான். இஸ்திரிக்காரியிடம் மயில் கழுத்துச் சேலையைத் திருப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வேலைக்கு வேண்டும். அதற்கு அவசரமில்லை என்றும் சேர்த்தே சொன்னேன்.

இன்று மீன்காரர் நேரத்துக்குக் குழலி கீழே வந்தாள். வீட்டுச் சேலை. அவரைக்காயும் அரிவாள்மணையுமாக என் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன அத்தை சொல்லுதான் மீனுகிட்ட?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

நடுவில் அந்தோணி போன் செய்தார். மல்ட்டி ஸ்விட்ச் வந்துவிட்டதாம், எப்போது வந்து மாட்ட என்று கேட்டார்.

"மெதுவா வாரும்" என்றேன். "பகல்ல ஒரு பெட்டிதான் ஓடுது."